விழுப்புரத்து மாமாவின் பட்டு ஜிப்பா

விழுப்புரத்து மாமா திண்டிவனத்துக்கு வந்தால் ரயிலடியிலிருந்து எங்கள் வீட்டுக்கு நடந்து வந்ததே இல்லை. ஜட்காவில்தான் வந்து இறங்குவார். பட்டு ஜிப்பா, கைக்கடிகாரம், தோல் பை, எங்களுக்கென்று ஒரு பொட்டலம் மைசூர்பாகு. ஏதோ எண்ணெய்க் கம்பெனியில் ஏஜெண்ட் வேலை. அத்தை மட்டும் வருவதில்லை. அவ்வளவு பெரிய வீட்டைப் போட்டுவிட்டு வர முடியாதாம். மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை நிறுத்துக்கொண்டிருந்த என் அப்பா, மச்சான் வந்த நாட்களில் கொல்லைப்பக்கமாக வந்துதான் சாப்பிட்டுப் போவார்.

அக்காவுக்கு மயிலத்திலிருந்து நல்ல இடம் வந்தது. வந்தவர்கள் எங்கள் வீட்டை அதிகம் பார்க்கவில்லை, மாமாவைப் பார்த்தார்கள். அவரும் நகைக்குத் தானே பொறுப்பு என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதாள்.

தை பிறந்தும் மாமாவிடமிருந்து தகவல் இல்லை. ஒரு நாள் காலை அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பாசஞ்சரில் ஏறினாள். எனக்கு ஒன்பது வயது. மாமா வீட்டில் ஊஞ்சல் இருக்குமா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே போனேன்.

விலாசத்தில் இருந்தது பெரிய வீடுதான். ஆனால் அதில் வேறு யாரோ இருந்தார்கள். எங்களைப் பின்பக்கம் போகச் சொன்னார்கள். அங்கே மாட்டுக் கொட்டகையைத் தடுத்து ஓர் அறை. வாசலில் ஒருத்தி விதைக்கான மல்லாட்டையைக் கூலிக்கு உரித்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. கூடவே இரண்டு பிள்ளைகள். சின்னவன் ஒரு பருப்பை வாயில் போட்டான். அவள் அவன் வாய்க்குள் விரலை விட்டு அதை எடுத்து, துடைத்து, முறத்தில் போட்டாள். அதுதான் அத்தை.

அம்மா குனிந்து அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"கம்பெனிய மூடி ரெண்டு வருஷம் ஆவுதும்மா. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு" என்றாள் அத்தை.

அப்படியானால் அந்த ஜிப்பா என்று அம்மா கேட்டாள்.

"அது வண்ணாரு வூட்டுது. யாரோ வெளுக்கப் போட்டது. ஒரு நாளைக்கு ஓரணா குடுத்து வாங்கிக்கினு வருவாரு. கடியாரம் ஓடாது."

எங்களுக்கு மைசூர்பாகு வந்த நாட்களில் அந்த வீட்டில் கேப்பைக் கூழும் இருந்ததில்லை என்பதையும் சொன்னாள். குரலில் கோபமே இல்லை.

நகையைப் பற்றி அம்மா வாய் திறக்கவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அத்தைக்கு எதிரே உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினாள். உச்சிவேளையில் மாமா வந்தார், கிழிந்த பனியனோடு. எங்களைப் பார்த்தார். அப்படியே திரும்பி நடந்து போய்விட்டார். அம்மா கூப்பிடவில்லை.

மறுவாரம் மயிலத்திலிருந்து மாப்பிள்ளையின் அம்மா வந்தார்.

"உங்க அண்ணன் வூட்ல எல்லாம் சௌக்கியங்களா?" என்று கேட்டார்.

"பின்னால மாட்டுக் கொட்டாயில..." என்று நான் ஆரம்பித்தேன்.

கன்னத்தில் அறை விழுந்தது. அம்மா அதுவரை என்னை அடித்ததே இல்லை.

"பெரியவங்க பேசறப்ப குறுக்க பேசாத" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவர் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "எங்க அண்ணனுக்கு என்னங்க, ராஜா மாதிரி இருக்காரு."

எங்களிடம் இருந்த ஒரு காணி நிலத்தையும் அப்பா விற்றார். நகை செய்து, மாமாவின் கையில் கொடுத்து, அவரையே சபையில் கொடுக்க வைத்தார். உண்மையைச் சொன்னதற்கு அடி வாங்கிய நான், கல்யாணம் வரைக்கும் அம்மாவோடு பேசவில்லை.

கல்யாணத்தன்று அத்தை பட்டுப் புடவையில் வந்து இறங்கினாள். பிள்ளைகள் இருவருக்கும் புதுச் சட்டை. முந்தின நாள் அப்பா ஒரு துணிமூட்டையோடு விழுப்புரம் போய் வந்ததை நானும் பார்த்தேன்தான். ஆனாலும் மாமாவுக்கு மறுபடி வேலை கிடைத்துவிட்டது, அவர்கள் பணக்காரர்களாகிவிட்டார்கள் என்று நம்பி, சந்தோஷமாக ஓடிப்போய் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன்.