பின்னால் கட்டிய கை

நாற்காலியில் ஆள் உட்கார்ந்ததும் நாகஜோதி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், வலது கையால் இடது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள். இடது உள்ளங்கையில் ஸ்டாப்வாட்ச். பார்க்க, வகுப்பில் தப்புச் செய்துவிட்டு நிற்கிற பிள்ளை மாதிரி இருக்கும். பிறகு ஏற்ற இறக்கமே இல்லாத குரலில் சொல்வாள்: "கைய ரெண்டையும் நெஞ்சுல மடிச்சு வச்சுக்கங்க. நாஞ்சொன்னதும் எந்திரிங்க. ம், எந்திரிங்க."

உட்கார்ந்திருப்பவர் பாதி எழுந்து, ஆடி, பொத்தென்று திரும்ப உட்காருவார். கண்ணாலேயே கை கேட்பார். நாகஜோதி அசைய மாட்டாள். கீழுதடு மட்டும் மடிந்து பல்லுக்குள் போய்விடும். கூட வந்தவர்கள் வராந்தாவில் போய், "கல்நெஞ்சக்காரியா இருப்பா போல" என்று முணுமுணுப்பதும் அவள் காதில் விழத்தான் செய்கிறது.

கல்நெஞ்சக்காரியாம்! காலையில் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்க்க வேண்டும். நாகமலை புதுக்கோட்டையிலிருந்து வந்து இறங்குகிறவள், நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம் என்று இருப்பாளா? இங்கே ஒருத்தி இடுப்புப் பிள்ளையோடு தடுமாறினால் பிள்ளையை வாங்குவாள். அங்கே ஒருவர் வாழைத்தாரோடு படியில் மல்லுக்கட்டினால் தாரை ஒரு பக்கம் தூக்குவாள். யாரென்று கேட்கிற பழக்கமெல்லாம் அந்தக் கைகளுக்குக் கிடையாது. உசிலம்பட்டி பஸ் கண்டக்டர் சங்கிலி ஒருநாள் கேட்டேவிட்டான்: "யக்கா, நீங்க ஆசுபத்திரில வேல பாக்குறீகளா, இல்ல எங்க டெப்போலயா?"

ஆஸ்பத்திரியில்தான். அங்கே ஆராய்ச்சிப் பிரிவில் பிசியோதெரபிஸ்ட். உடம்பைக் காக்க வேண்டிய படையே புத்தி பிசகி, உடம்பின் சதையையும் நரம்பையும் எதிரியென்று நினைத்து அடித்துப் புண்ணாக்குகிற நோய்கள் உண்டு. அதற்கு ஒரு புது மருந்தைச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். வழக்கமான மாத்திரை எல்லாருக்கும் உண்டு. அதற்கு மேல் சிலருக்குப் புது மருந்து, சிலருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, நாகஜோதிக்கும் தெரியாது. ஆனால் ஒருவருக்குப் பலம் இறங்குகிறது என்று தெரிந்துவிட்டால், சோதனையை ஓரமாக வைத்துவிட்டு, ஏற்கெனவே பலன் தெரிந்த மருந்தை டிரிப்பில் ஏற்ற ஆரம்பித்துவிடுவார்கள். பலம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று அளந்து சொல்ல வேண்டியவள் இவள். இவள் ஒரு விரல் கொடுத்தாலும் போச்சு, எழுந்தது நோயாளியா இவளா என்று யார் கண்டது? அதற்குத்தான் இந்தக் கட்டு.

கையைக்கூடக் கட்டிவிடலாம், வாயை எப்படிக் கட்டுவது? மதுரைக்காரிக்கு அது இன்னும் பெரிய தண்டனை. சபாஷ் சொல்லக் கூடாது, அடடா சொல்லக் கூடாது. செல்லூர் தறிக்காரர் ஒருவர் வருகிறார். நரம்பு நோயில் விரல் மரத்துப்போய், அறுந்த நூலை முடிச்சுப் போட முடியாமல் ஆனவர். பிடிமானம் அளக்கும் கருவியை முகம் சிவக்க அமுக்கிவிட்டு, "எம்புட்டு ஏறுச்சும்மா?" என்று ஆசையாகக் கேட்பார். சொல்லக் கூடாது. ஸ்டாப்வாட்சை மேசையில் வைத்த பிறகுதான் நாகஜோதிக்கு உயிர் திரும்பும். "அம்புட்டுத்தான், முடிஞ்சது. சாப்புட்டீகளாண்ணே?" இந்த ஒரு கேள்வியில் அத்தனை சபாஷையும் அடக்கிவிடுவாள்.

தங்கப்பொண்ணுக்கு வந்தது சதை நோய். உசிலம்பட்டிப் பக்கம், காட்டு வேலையில் ஆம்பளைகளுக்குச் சரியாக நின்றவள். தொடையும் தோளும் வற்றிப்போய், தலை சீவக் கை எழும்பாமல் வந்து சேர்ந்தாள். வரும்போதெல்லாம் மடியில் ஒரு பிடி பச்சைக் கடலை இருக்கும். "எந்தாயிக்கு" என்பாள். முந்தானையை இரண்டு தோளையும் சுற்றிப் போர்த்திக்கொண்டுதான் நாற்காலியில் உட்காருவாள். ஆம்பளை டாக்டர் நடமாடுகிற இடம், வயசான பெண்பிள்ளை, போர்த்தாமல் எப்படி இருப்பாள்? நாகஜோதியும் அதை எடுக்கச் சொன்னதில்லை. எந்திரிங்க என்றால் தங்கப்பொண்ணு முக்கி முனகி எப்படியோ எழுந்துவிடுவாள். நாகஜோதி உள்ளுக்குள் குளிர்ந்துபோவாள்.

ஒருநாள் காலை ஆரப்பாளையத்தில் யாருடைய மூட்டைக்கோ தோள் கொடுத்துக்கொண்டிருந்தபோது உசிலம்பட்டி பஸ் வந்து நின்றது. மேலிருந்து சங்கிலி அக்குளில் கை கொடுத்துப் பிடிக்க, கீழே புருஷன் சிவபாண்டி இடுப்பைக் கட்டிக்கொள்ள, நெல்லு மூட்டையை இறக்குவதுபோல் ஒரு பெண்ணை இறக்கினார்கள். தங்கப்பொண்ணு! கீழே நின்று ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். அது இறங்காமல் புரையேறி, கண் பிதுங்க இருமினாள். பிறகு சிவபாண்டியைப் பிடித்துக்கொண்டே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

எப்போதும் ஓடுகிற நாகஜோதி அன்று ஓடவில்லை. படியில் கால் வைக்க முடியாதவள் என் அறையில் எப்படி எழுந்தாள்? அந்த முந்தானைக்குள்தான் விஷயம். மடித்து வைக்கச் சொன்ன கைகளைத் தொடையில் ஊன்றி, தன்னைத்தானே நெம்பி எழுந்திருக்கிறாள். மரியாதை பார்த்து மரியாதை பார்த்து ஒரு உயிரோடு விளையாடிவிட்டோமே என்று நாகஜோதி தலையில் அடித்துக்கொண்டாள். நோய் விழுங்குகிற சதைக்கு வந்தாயிற்று. அடுத்தது மூச்சு விடுகிற சதை.

அன்று அறையில், டாக்டர் சூரியபிரகாஷை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். "அக்கா, இங்க நாம ரெண்டு பேருந்தேன். களையெடுக்க எறங்குறப்ப சேலைய எப்பிடிச் செருகுவீக? அப்பிடிச் செருகுங்க."

தங்கப்பொண்ணின் முகம் செத்துப்போனது. "எதுக்குத்தா? இப்பிடியே எந்திரிக்கிறேனே."

"செருகணும்க்கா."

அவள் விரல்களுக்கு அது முடியவில்லை. நாகஜோதியே முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிவிட்டு, இரண்டு கைகளையும் நெஞ்சின் மேல் மடித்து வைத்தாள். பின்வாங்கி நின்று தன் கைகளைக் கட்டிக்கொண்டாள். "எந்திரிங்க."

நாற்காலி கிறீச்சிட்டது. தங்கப்பொண்ணு எழும்பவில்லை. இன்னொரு தரம் முன்னால் சாய்ந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது, உடம்பு மட்டும் அப்படியே இருந்தது. கண் நிறைந்துவிட்டது.

"கை குடு தாயி."

நாகஜோதி கொடுக்கவில்லை. பாவி மகளே, கொடுத்துத் தொலையேன் என்று அவள் நெஞ்சே அவளை வைதது. நகம் மணிக்கட்டில் பதிந்தது. ஸ்டாப்வாட்சை அமுக்கியதும்தான் இரண்டு கையும் பறந்து போய் அவளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டன.

"பெயிலாப் போயிட்டேன்ல?" என்று தோளில் விசும்பினாள் தங்கப்பொண்ணு. "எந்திரிக்காட்டி இனி வராதன்னுருவீக, வேற ஆளச் சேத்துக்கிருவீகன்னு பயந்து கெடந்தேன். ஒனக்கும் கெட்ட பேரு வந்துரக் கூடாதுல்ல."

"லூசாக்கா நீங்க?" நாகஜோதிக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "இதென்ன பரிச்சையா? முடியலைன்னு தெரிஞ்சாத்தானக்கா மருந்த மாத்துவாக! தண்ணி எறங்கலைன்னு ஒரு வார்த்த சொன்னீகளா?"

பழைய அளவுகளை நம்ப முடியாது என்பதை டாக்டரிடம் அவளே போய்ச் சொன்னாள். அவருக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் முதலில் பெட் போடச் சொன்னார். அன்றைக்கே டிரிப் ஏறியது. அதுவரை தங்கப்பொண்ணுக்குப் போனது மருந்தா உப்புநீரா என்பது இன்றுவரை நாகஜோதிக்குத் தெரியாது. ஆனால் யாராயிருந்தாலும் இப்போது அவள் அறையில் ஒரே சட்டம்தான். கதவு சாத்தப்படும், முந்தானை இடுப்புக்குப் போகும். செல்லூர்க்காரரின் தோள் துண்டுகூடக் கதவில்தான் தொங்குகிறது.

கடலை எடுப்பெல்லாம் முடிந்த பிறகு ஒரு சாயங்காலம், பரிசோதனைக்கு வந்துவிட்டு ஊர் திரும்பத் தங்கப்பொண்ணு ஆரப்பாளையத்தில் நின்றாள். பஸ் வந்தது. கம்பியைப் பிடித்து ஒரு காலைப் படியில் வைத்தாள். வீட்டுக்குக் கிளம்பி வந்த நாகஜோதி அதைப் பார்த்துவிட்டாள். தோள்பை நழுவ நழுவ, கூட்டத்தை இடித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் நீட்டியபடி ஓடிவந்தாள்.

தங்கப்பொண்ணின் முந்தானை இடுப்பில் செருகியிருந்தது. திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "அங்ஙனயே நில்லு தாயி. கையக் கட்டு."

சிவபாண்டியும் ஓரடி விலகி நின்றார். படியில் இருந்த கால் நடுங்கியது. விசிலை வாயருகே கொண்டுபோன சங்கிலி, "யக்கா, ஏத்திவிடலையா?" என்றான்.

நாகஜோதி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், வலது கையால் இடது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தங்கப்பொண்ணு ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பஸ் கிளம்பி வளைவில் திரும்பி மறைந்த பிறகும் அவள் கைகளைப் பிரிக்கவில்லை.