நானே அடைத்த சர்வர்

அது கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றில் என் சோதனை மாதம். அதில் தேறினால் விருத்தாசலத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். தேறாவிட்டால் வேறு வேலை தேடி சென்னைக்குப் போக வேண்டும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான்தான். பட்டம் வாங்கியவளும் நான்தான். தோற்றுப்போய் ஊரைவிட்டுக் கிளம்ப எனக்கு மனமில்லை.

வேலை இதுதான். ஒரு பெரிய கம்ப்யூட்டர் மெஷினைப் பங்கு பிரித்து, ஒவ்வொரு பங்கையும் தனி சர்வராக வாடிக்கையாளருக்குக் கொடுப்பார்கள். அதை கன்ட்ரோல் பேனல் என்ற இணையப் பக்கத்தில் உருவாக்கி, கண்டவர்கள் நுழையாதபடி பாதுகாப்புச் செய்து ஒப்படைக்க வேண்டும்.

அன்று ஒரு புடவைக் கடைக்கான சர்வர். நான்கு மணிக்கு அவர்களுடைய இணையதளத் திறப்பு. காலையிலிருந்தே புடவைப் படங்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் என் வீட்டு இணைய முகவரியிலிருந்து மட்டும்தான் நிர்வாகியாக நுழைய முடியும் என்று பூட்டினேன். பெருமையாகத்தான் இருந்தது. மத்தியானம் கரண்ட் போனது. திரும்பி வந்தபோது மோடத்துக்குப் புது முகவரி கிடைத்திருந்தது. பழைய முகவரியை மட்டுமே அறிந்த சர்வர் என்னை உள்ளே விடவில்லை. தளத்தைத் திறக்கும் வேலை பாதியில் நின்றது.

கரண்ட் இல்லாமல் செராமிக் பொம்மைக் கம்பெனியிலிருந்து முன்னாலேயே வந்துவிட்ட அம்மா, என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னடி, மூஞ்சி பேயறஞ்ச மாதிரி இருக்குது?"

"சர்வருக்குள்ள போவ முடியலம்மா. நானே அடைச்சிட்டேன்."

"சாவிய உள்ள வச்சிட்டு கதவ சாத்திட்டியா? நல்லா படிச்ச போ! புதுசா ஒண்ணு போட்டுக் குடுத்துடேன்."

"ஒரே பட்டன்தான். ஆனா அவங்க ஏத்துன படமெல்லாம் போயிடும்."

படங்கள் சரியாக ஏறவில்லை என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியாது. அதையும் அம்மாவிடம் சொன்னேன்.

"நாங்க வண்ணம் பூசி வச்ச பொம்மைய எவளாவது ஒடைச்சிட்டு, தானா வுழுந்துச்சின்னா சும்மா வுடுவனா?" என்றபடி டீ போடப் போனாள்.

கையை அந்தப் பட்டனிலிருந்து எடுத்துவிட்டு, பேனலை மேலிருந்து கீழ்வரை ஒவ்வொன்றாகப் படித்தேன். ஓர் ஓரத்தில் 'கன்சோல்' இருந்தது. அந்த மெஷினின் எதிரிலேயே உட்கார்ந்து தட்டுவதுபோல அதன் வழியாக நுழையலாம். அதற்கு எந்த முகவரியும் தேவையில்லை. நீளமான பாஸ்வேர்டை எழுத்தெழுத்தாக அடித்தேன். இரண்டு முறை தப்பு. மூன்றாவது முறை உள்ளே போனேன். படங்கள் அப்படியே இருந்தன. பூட்டைத் திருத்தி, மீதி வேலையையும் முடித்தேன். நான்கு மணிக்குத் தளம் திறந்தது.

சாயங்கால அறிக்கையில் நடந்ததை எழுதி, "தப்பு என்னுடையது" என்று முடித்தேன்.

கோயம்புத்தூரிலிருந்து மேலாளர் அக்கா போன் செய்தார்.

"எழுதாம உட்டிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதுங்களே?"

"வேற யாரும் இதே தப்பப் பண்ணிடக் கூடாதுல்லக்கா."

அக்கா சிரித்தார். "மாசம் முடியற வரைக்கும் காத்திருக்க வேண்டாங்க. வீட்டுல இருந்தே பாருங்க. நாளைக்கு மூணு சர்வர் உங்களுக்கு."

"சென்னைக்குப் போவலம்மா" என்று சமையலறைப் பக்கம் கத்தினேன்.

"தெரியும். போன வாரமே பக்கத்து வூட்ல சொல்லிட்டேன்" என்றாள் அம்மா.