கடைசி எறிதலில் நான் சுற்றிய துண்டு

என் எழுத்து கோழிக் கிறுக்கலாக இருக்கும். பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் மகள் ஈட்டி எறிபவள். பல நாட்டுப் பெண்கள் வந்திருந்த பெரிய தடகளப் போட்டி ஒன்றில் இறுதிச் சுற்றுக்குப் போனாள். ராமேஸ்வரத்திலிருந்து இரண்டு நாள் ரயிலில் போய், அவளுடைய பி.டி. டீச்சரோடு கேலரியின் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த மாலை இன்னும் எனக்குக் கனவு போலத்தான் இருக்கிறது. அவ்வளவு புல்லை நான் பார்த்ததே இல்லை. விளக்குப் போட்டதும் காற்றில்லாத நாளின் கடல் மாதிரி அசையாமல் கிடந்தது. சுற்றிலும் ஜனங்கள் கத்தியது தண்ணீருக்கடியில் கேட்பதுபோல எங்கோ கேட்டது. ஈட்டிகள் ஒவ்வொன்றாக எழும்பி, முரல் மீன் துள்ளுவதுபோல வெளிச்சத்தில் மின்னி, சத்தமில்லாமல் புல்லில் இறங்கின. எது யாருடையது என்றுகூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து எறிதல் முடிந்தபோது அவள் நான்காம் இடம். மூன்று பேருக்குத்தான் பதக்கம். மீதி இருந்தது ஒரே எறிதல்.

பெரிய திரையில் அவள் முகம், எங்கள் வீட்டைவிடப் பெரிதாக. டீச்சர் என் விலாவில் இடித்தார்.

"என்னண்ணே, கல்லு மாதிரி உக்காந்திருக்கீக? எந்திரிச்சு ஒரு சத்தங் குடுங்க!"

எனக்குச் சத்தம் வராது. தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலைக்கு மேல் சுற்றினேன். ஓடத் தொடங்கியிருந்தவள் அதைப் பார்த்துவிட்டாள். பாதியிலேயே நின்றுவிட்டாள்.

"ஐயையோ, ஏன் நின்னுட்டா?"

"நாந்தான் நிறுத்திப்புட்டேன் டீச்சர். வலை பாறையில மாட்டிக்கிச்சுன்னு சொல்லிட்டேன்."

"பாறையா? இங்கன ஏதுண்ணே பாறை?"

கடலில் போட்டுக் கரையிலிருந்து இழுக்கும் எங்கள் கரைவலைக்கு இரண்டு கயிறு. இழுக்கிறவர்கள் இரண்டு பக்கமும் வெகுதூரம் தள்ளி நிற்பார்கள், குரல் எட்டாது. நடுவில் நிற்கும் நான் துண்டால்தான் சொல்வேன். தலைக்கு மேல் சுற்றினால், வலை பாறையில் மாட்டிவிட்டது, நிறுத்து என்று பொருள். அதற்குமேல் ஒரு முழம் இழுத்தாலும் வலை கிழியும். பத்து வயதிலிருந்து லீவு நாளெல்லாம் கயிறு இழுத்தவள் அவள். கால் தானாக நின்றிருக்கிறது.

ஓடுபாதை ஓரத்துக் கடிகாரத்தில் நேரம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு நிமிடத்துக்குள் எறியாவிட்டால் அந்த எறிதல் போச்சு. துண்டின் இரு முனையையும் பிடித்து நெஞ்சுக்கு நேரே இழுத்து நீட்டினேன். இழு என்று பொருள். திரும்பப் பின்னால் போக நேரமில்லாமல், நின்ற இடத்திலிருந்தே ஓடி எறிந்தாள். அந்த ஈட்டி இறங்க மனமில்லாமல் மேலேயே மிதந்ததுபோல் இருந்தது.

மூன்றாம் இடத்துக்கு ஒரு சாண் குறைந்தது.

வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்யா, வீட்டுல யாருக்கோ என்னமோன்னு பதறிட்டேன்."

"சந்தோசத்துல சுத்திட்டேன் தாயி. என்னாலதான போச்சு?"

"போங்கய்யா! நின்னதுலதான் ஒரு மூச்சு வாங்குனேன். இல்லாட்டி அம்புட்டுத் தூரங்கூடப் போயிருக்காது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் சொன்னது மெய்யா, என் மனம் நோகக்கூடாது என்று சொன்னதா? நேரில் கேட்க இன்றுவரை வாய் வரவில்லை. தாயி, இதை நீ படித்தால் உள்ளதைச் சொல். எதுவானாலும் தாங்கிக்கொள்வேன்.

கார்த்திகை மாதம், முதல் செவ்வாய்க்கிழமை.