டைனோமீட்டரில் ஏறிய என் பழைய ஜீப்

எண்பதுகளில் நானும் கோவிந்தனும் ஆலங்காயத்திலிருந்து புதூர்நாட்டுக்கு ஜீப் ஓட்டினோம். மலை ஏற்றத்தில் என் ஜீப்பில் வந்தவர்கள் இறங்கி நடப்பார்கள். அவன் ஜீப்பில் வந்தவர்கள் தூங்குவார்கள்.

என்ஜினில் இழுவை இல்லையென்று வெறுத்துப்போய், என் ஜீப்பை அவனிடமே விற்றேன்.

இன்று டீக்கடையில் செல்போனை நீட்டினான். வீடியோவில் அதே ஜீப். உருளைகள் மேல் நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்ற, திரையில் குதிரைத்திறன் ஏறுகிறது.

“பேரன் ரெண்டு வண்டியையும் டைனோமீட்டர்ல ஏத்திப் பாத்தான். உன்னுதுக்குத்தான் பவர் ஜாஸ்தி.”

“என்ஜின மாத்திட்டியா?”

“அதே என்ஜின்தான். நீ இன்னாடா ஓட்ன?”

இத்தனை வருஷம் அவன் ஜீப்பைப் பார்த்து எரிந்த வயிறு, இன்று என் ஜீப்பையே பார்த்து எரிந்தது.

டைனோமீட்டர் தப்பாகக் காட்டும் என்பவர்கள் மட்டும் கமெண்டில் வரவும்.