அந்துருண்டைப் பெட்டி

எங்கள் கசக்கியக்காவின் சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. பழைய பிளாஸ்டிக்கை உருக்கி மறுபடி குருணையாக்கும் கம்பெனி எங்களுடையது. பெல்ட்டில் வருவதைத் தரம் பிரிப்பது அக்காவின் வேலை. கையில் எடுத்து ஒரு கசக்கு கசக்கினால் போதும், சத்தத்தை வைத்தே எந்தக் கூடைக்குப் போகணும் என்று சொல்லிவிடுவாள். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. வீட்டில் புதுச்சட்டை வாங்கி வந்தாலும் முதலில் அதன் உறையைத்தான் கசக்கிப் பார்ப்பாளாம். "கட்டிக்கிறதுக்கு முன்னாடி என்னையும் கசக்கிப் பாத்திருக்கலாம்ல" என்று அவள் வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவார்.

என் வேலை மோப்பம் பிடிப்பது. சிரிக்காதீர்கள், வாடை அடிக்கும் வாளியை நீங்கள் வாங்குவீர்களா? ஒரு பிடி குருணையைக் கண்ணாடிப் புட்டியில் போட்டுச் சூடாக்கி முகர்வேன். பினாயில், புளித்த பால், எல்லாம் என் மூக்குக்கு அத்துப்படி. வாடை வந்ததும் என் வாய் சும்மா இருக்காது. "எந்தச் சோம்பேறி இதைக் கழுவாம போட்டான்? ஒரு சொம்புத் தண்ணி ஊத்தினா கை தேஞ்சா போயிடும்?" என்று முகம் தெரியாத ஜனங்களைத் திட்டித் தீர்ப்பேன். "போதும்டி, அவங்களுக்கு விக்கல் எடுக்கப்போகுது" என்பாள் அக்கா.

அன்று புட்டியைத் திறந்ததும் தலை சுற்றியது. அந்துருண்டை நாற்றம். குழந்தைகளைக் குளிப்பாட்டும் தொட்டி செய்யக் கேட்டிருந்த சரக்கு, அரை டன், மொத்தமும் வீண்.

முதலாளி நேராக பெல்ட்டுக்குப் போனார்.

"எதையோ திறந்து பாக்காம தள்ளி விட்டிருக்கீங்க. முடியலைன்னா சொல்லிடுங்கம்மா."

அக்கா பெல்ட்டில் வந்த அடுத்த டப்பாவை எடுத்துக் கசக்கினாள். மறுநாள் அவளை முற்றம் கூட்டப் போட்டார்கள்.

எனக்கு அப்போதே தெரியும். போன வாரம் எங்கள் வீட்டில் கம்பளி வைத்திருந்த நீலப் பிளாஸ்டிக் பெட்டி விரிசல் விட்டது. நான்தான் கொண்டு வந்து அக்காவிடம் கொடுத்தேன். அடியில் துணியில் முடிந்து போட்டிருந்த அந்துருண்டைகளை எடுக்கவில்லை. ஊர் வாடையெல்லாம் பிடிக்கும் மூக்குக்கு என் வீட்டு வாடை பழகிப்போயிருந்தது. ஊரையே திட்டிய வாயும் அன்று பூட்டிக்கொண்டது. அக்கா துடைப்பத்தோடு என் மேசையைக் கடந்து போகும்போதெல்லாம் தலையைக் குனிந்து புட்டிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டேன். ஐந்து நாள் இப்படியே ஓட்டினேன். சே, என்ன ஜென்மம் நான்!

ஆறாம் நாள் தாங்கவில்லை. முற்றத்துக்கு ஓடினேன்.

"அக்கா, அது என் பெட்டிக்கா."

"தெரியும்."

"தெரியுமா? அப்ப ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்ல? திறந்து பாக்காதது நான்தானே. யார் வீட்டுதா இருந்தாலும் திறந்து பாப்பேன். இது நீ குடுத்தது. நீ கழுவாம கொண்டாருவியான்னு அப்படியே போட்டுட்டேன்."

இரண்டு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நேரே முதலாளி அறைக்குப் போய், எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கூசுகிறது.

அக்கா பெல்ட்டுக்குத் திரும்பினாள். என்னோடு பழையபடிதான் பேசினாள், சிரித்தாள். இரண்டு வாரம் கழித்து, வீட்டில் நன்றாகக் கழுவிக் காயவைத்த எண்ணெய் டப்பா ஒன்றைக் கொண்டுபோய் அவளிடம் நீட்டினேன். வாங்கி ஒரு கசக்கு கசக்கினாள். பிறகு மூடியைத் திருகித் திறந்து உள்ளே பார்த்தாள், முகர்ந்தும் பார்த்தாள். அப்புறம்தான் கூடையில் போட்டாள்.