சும்மா நடக்க ஒரு காட்டேஜ்

பொங்கல் முடிந்த வாரம் முழுக்க போனில் கடற்கரைப் படமாகப் பார்த்துப் பார்த்து, எனக்குக் கடல் என்றாலே எரிச்சல் வர ஆரம்பித்துவிட்டது. திட்டம் என்னவோ எளிமையானதுதான். திருச்செந்தூரில் தொடங்கி மணப்பாடு வழியாக உவரி வரை கடலை ஒட்டி நடக்க வேண்டும். பகலில் நடை, ராத்திரி தங்குவதற்குக் கடல் தெரிகிற மாதிரி ஒரு காட்டேஜ். நானும் என் மனைவியும், இரண்டே பேர். இதில் என்ன பெரிய கஷ்டம் என்று நினைத்துத்தான் எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாயைக் கொடுத்தேன்.

எங்களுக்கு ஓய்வு என்றால் தை மாதம்தான். திருத்தங்கலில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் நான் கலர் பார்க்கிறவன். படத்தில் மஞ்சள் தூக்கலாக இருக்கிறதா, நீலம் போதவில்லையா என்று பார்த்துச் சரிசெய்வது என் வேலை. அவள் இன்னொரு அச்சகத்தில் தினசரி காலண்டருக்கு ப்ரூஃப் பார்க்கிறாள். ஆடியில் பிடிக்கிற காலண்டர் சீசன் மார்கழியோடுதான் விடும். அதற்கு நடுவில் லீவு என்று வாயைத் திறந்தால் முதலாளி மேலும் கீழும் பார்ப்பார்.

யோசனை அவளுடையது. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"கடலோரமா நாலு நாள் நடக்கணும்ங்க."

"திருச்செந்தூர் கோயிலுக்கா?"

"கோயிலுக்கு இல்ல. சும்மா."

அந்தச் சும்மாவுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். பிள்ளை வேண்டும் என்று பல வருஷம் தை மாதத்தில் சிவகாசியிலிருந்து திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போனவர்கள் நாங்கள். பச்சை வேட்டி, பச்சைச் சேலை, தெருக்காரர்களோடு கூட்டமாகப் போவோம். சாத்தூர், எட்டயபுரம், தூத்துக்குடி என்று எல்லாம் தார் ரோடு. லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கி, காலில் கொப்புளம் உடைந்து நடந்தால் கடைசி நாள்தான் கடல் கண்ணில் படும். அதில் ஒரு முங்கு, நாழிக்கிணற்றில் ஒரு குளியல், தரிசன வரிசை, அப்புறம் பஸ். ஒரு வருஷம் அவள் பீரோவிலிருந்து பச்சைச் சேலையை எடுக்கவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை. பிள்ளையைப் பற்றிய பேச்சும் வீட்டில் அதோடு நின்றுபோனது.

"அம்புட்டு வருஷம் நடந்தோம், கடலைப் பாத்துக்கிட்டு ஒரு நாள் நடக்கலங்க," என்றாள். "இந்தத் தடவை சாமிகிட்ட எதையும் கேக்காம நடக்கணும். நம்மகிட்டயும் எதுக்கு நடக்கீகன்னு யாரும் கேக்கக் கூடாது. அப்படி எடமாப் பாருங்க."

அவள் கேட்டது இவ்வளவுதான். கல்யாணமான இத்தனை வருஷத்தில் எனக்கு இது வேண்டும் என்று அவள் வாய்விட்டுக் கேட்டது குறைவு. எப்பாடு பட்டாவது முடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஆப்பில் தேடினேன். கடலைப் பார்த்த காட்டேஜ் என்று ஒரு படம் வந்தது. வளைந்த தென்னை, வெள்ளை மணல், பச்சைத் தண்ணீர். அந்தத் தென்னையை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு ஜவுளிக்கடை காலண்டருக்கும் ஒரு ரைஸ் மில் காலண்டருக்கும் நானே அதற்கு நீலம் ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். அது எந்த நாட்டுத் தென்னையோ தெரியாது, மணப்பாட்டுத் தென்னை இல்லை என்று மட்டும் சத்தியம் செய்வேன். அடுத்த காட்டேஜிலும் அதே தென்னை, இடது வலது மாற்றிப் போட்டிருந்தார்கள். மூன்றாவதில் கடல் நிஜம், வானம் ஒட்டுவேலை. விளிம்பு அப்படியே பல்லை இளித்தது. அவள் எட்டிப் பார்த்து, இது நல்லாயிருக்கே என்பாள். நான் வானத்தைக் காட்டுவேன். நாலைந்து தடவை இப்படி ஆனதும், "நீங்க கலர் பாக்காதீக, எடத்தப் பாருங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

சரி, போனிலேயே பேசிவிடலாம் என்று திருச்செந்தூரில் ஒரு காட்டேஜுக்கு அடித்தேன். எடுத்தவர் என்னைப் பேசவே விடவில்லை.

"பாதயாத்திரையா அண்ணாச்சி? எத்தன பேரு வாரிய?"

"ரெண்டு பேரு. பாதயாத்திரை இல்ல, சும்மா நடக்க வர்றோம்."

"ரெண்டு பேருக்கு ரூம் எதுக்கு? மண்டபத்துல படுத்துக்கிடலாம். குளிக்க மட்டும் ரூம் வேணும்னா மணிக்கணக்குல தாரேன்."

"கடல் தெரியுமா?"

"கோபுரம் நல்லாத் தெரியும்."

மற்ற இடங்களில் ரூமே இல்லை, தைப்பூசக் கூட்டம் என்றார்கள். எங்களுக்கு ஓய்வு கிடைக்கிற மாதமும், தென் மாவட்டமே பச்சை கட்டிக்கொண்டு திருச்செந்தூருக்கு நடக்கிற மாதமும் ஒன்றுதான். வருஷக்கணக்காக அந்தக் கூட்டத்திலேயே நடந்த எனக்கு இது முதலில் உறைக்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டு, திருச்செந்தூரைத் தாண்டித் தேடினேன்.

கொஞ்சம் தெற்கே ஒரு பெரிய காட்டேஜ். மேனேஜர் பையன் நன்றாகத்தான் பேசினான். எந்த ஊர் சார் என்று கேட்டான். சிவகாசி என்றதும் குரலே குழைந்துவிட்டது. "வரும்போது ஒரு கிஃப்ட் பாக்ஸ் கொண்டாந்துருங்க சார், ஃபிரன்ட் ரூமா ஒதுக்கிடுறேன்." எங்கள் ஊர்க்காரன் எந்த ஊருக்குப் போன் பண்ணினாலும் இந்தக் கழுத்தறுப்பு உண்டு. நான் பட்டாசு இல்லை தம்பி, பிரின்டிங் என்றேன். "அப்ப காலண்டர் சார்?" என்றான். அடக்கிக்கொண்டேன்.

"எத்தனை கார் சார்?"

"கார் இல்லப்பா. நடந்து வர்றோம்."

"பஸ் ஸ்டாப்ல இருந்தா?"

"திருச்செந்தூர்ல இருந்து."

அவன் குரலை இறக்கி, ரொம்ப மரியாதையாக, "என்ன வேண்டுதல் சார்?" என்று கேட்டான். போனை வைத்துவிட்டேன்.

இன்னொருவர் இரண்டு நாள் தங்கினால்தான் புக்கிங் என்றார். நடக்கிறவன் ஒரே இடத்தில் இரண்டு நாள் உட்கார்ந்துகொண்டு என்ன செய்வது? உவரியில் ஒரு பெரியவர், "கோயில் நேர்ச்சைக்கு வாரியளா? செவ்வாய்க்கிழமை சேந்த மாரி வாங்க" என்றார். கிறிஸ்தவக் கோயிலில் நேர்ச்சை என்றால் எங்கள் வேண்டுதல்தான்; சாமி மாறினாலும் கேள்வி மாறவில்லை. அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிற தம்பியிடம் புலம்பினால், அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான். "வண்டிய எடுத்தா காலையில போயிட்டுச் சாயந்திரம் வந்துரலாமேண்ணே. வேண்டுதலும் இல்லைங்கீக, பெறகு எதுக்குக் கால நோக வைக்கீக?" என்றான். இதையெல்லாம் நான் வீட்டில் சொல்லவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆமத்தூரிலிருந்து என் கொழுந்தியாள், அதாவது மனைவியின் தங்கை, வந்திருந்தாள். பேச்சுவாக்கில் நடைப்பயணம் காதில் விழுந்துவிட்டது.

"போறதே போறீக. என் மகளுக்கு நல்ல வரன் அமையணும்னு நினைச்சுக்கிட்டு நடந்துரு அக்கா. உனக்கும் நடந்த மாதிரி ஆச்சு, எனக்கும் ஒரு வேண்டுதல் முடிஞ்ச மாதிரி ஆச்சு."

நல்ல மனசோடுதான் சொன்னாள். என் மனைவி காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எனக்கே நடந்து கிடைக்கல. உனக்கு எங்கிட்டுப் போயி வாங்கித் தருவேன்?"

தங்கையின் முகம் சுண்டிவிட்டது. தப்பா சொல்லலைக்கா என்று முனகினாள். சாப்பிடாமலே அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். அவளை வழியனுப்பிவிட்டு வந்தால் என் மனைவி அடுப்படியில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"விடுங்க. போக வேண்டாம். நீங்க அங்கன போன் போட்டு என்ன பேசுறீகன்னு எனக்கும் கேக்கத்தான் செய்யுது. எல்லாரும் அதைத்தான் கேக்காக. வீட்டுலயே கெடப்போம்."

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஒரு மனுஷி கடலோரம் நாலு நாள் நடக்க ஆசைப்பட்டால், அதற்கு ஊரில் இத்தனை பேருக்கு விளக்கம் சொல்ல வேண்டுமா? எங்களுக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொன்னால் ஏன் ஒருத்தருக்கும் நம்பிக்கை வரமாட்டேன் என்கிறது? இனிமேல் கேட்கிறவனை நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் வைப்பது என்று வீம்பு பிடித்துக்கொண்டது. பேப்பர் லோடு கொண்டுவருகிற தூத்துக்குடி டிரைவர் ஒரு நம்பர் கொடுத்திருந்தார். மணப்பாட்டுப் பக்கம் ஒரு அம்மா, வீட்டை ஒட்டி இரண்டு அறை கட்டி வாடகைக்கு விடுகிறாராம். ஆப்பிலும் இல்லை, படமும் இல்லை. என் மனைவி முன்னாலேயே ஸ்பீக்கரில் போட்டு அடித்தேன்.

அந்த அம்மா எடுத்ததும் அறை இருக்கிறது, கதவைத் திறந்தால் கடல் என்றார்.

"எத்தன பேரு வாரிய?"

"ரெண்டு பேரும்மா. நடந்து வர்றோம்."

"நடந்தா? எதுக்குய்யா, நேர்ச்சையா?"

திட்ட வேண்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் போனை அணைத்துவிடலாம் என்றுதான் கை போனது. அதற்குள் என் மனைவி போனை எடுத்துக்கொண்டாள்.

"முந்தி நேந்துக்கிட்டு நடந்தோம்மா. புள்ள வேணும்னு ரொம்ப வருஷம் நடந்தோம். கிடைக்கல. இப்பக் கேக்கதுக்கு ஒண்ணும் இல்ல. கடலப் பாத்துக்கிட்டே நடக்கணும்னு ஆசையா இருக்கு. அம்புட்டுதான்."

இந்த வார்த்தைகளை அவள் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. என்னிடமும் சொன்னதில்லை. மனசத் தளர விடாதம்மா, இன்னும் காலம் இருக்கு என்று அந்த அம்மா ஆரம்பிக்கப் போகிறார் என்று எனக்குப் பயமாக இருந்தது. எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள்.

"சரி, வாங்க," என்றார் அந்த அம்மா. "வெயில் ஏறதுக்கு முன்ன வந்துருங்க, மணல் சுடும். ராத்திரிக்கு மீன் சாப்பிடுவியளா?"

பாதயாத்திரை நின்ற பிறகும் தை விரதத்தை அவள் விட்டதில்லை. மாதம் முழுக்க எங்கள் வீட்டில் மீன் சட்டி அடுப்பேறாது. யாருக்காக இன்னும் இந்த விரதம் என்று நானும் கேட்டதில்லை. இல்லம்மா, நாங்க தை மாசம், என்று நான் குறுக்கே ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

"சாப்பிடுவோம்மா," என்றாள். "குழம்பும் வைங்க, ரெண்டு துண்டு பொரிச்சும் வைங்க."