இங்கிலாந்து முடிவு சொல்லட்டும் என்று நின்ற கல்யாணம்

ஒரு நாடு கூட்டுக்குடித்தனத்தை விட்டுப் போகிறேன் என்று கிளம்பினால் யார் வீட்டு ஆடு கொழுக்கும்? காரைக்காலில் ஆசிக் வீட்டு ஆடு கொழுத்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நடந்தது இதுதான்.

அகமது கபீர் காரைக்கால்காரர். குவைத்தில், அப்பாசியாவில் மளிகைக்கடை நடத்தினார். முருங்கைக்காய், கருவாடு, ரீசார்ஜ் கார்டு, வெள்ளிக்கிழமை காலையில் இட்லி மாவு, எல்லாம் அங்கே கிடைக்கும். கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் வீடு. வீட்டில் மனைவி ருக்கையா, மகள் நஸீஹா. கபீர் அந்த ஊருக்கு வந்தபோது மீசை கறுப்பு, இப்போது வெள்ளை. ஆனாலும் இகாமா என்கிற குடியிருப்பு அனுமதி தீர்ந்து புதுப்பிக்காமல் போனால் பெட்டியைக் கட்ட வேண்டியவர்தான். கடைகூட அவருக்குப் பொறுப்பேற்ற குவைத்தி முதலாளி, கபீல் அபூ காலித் பெயரில்தான் இருந்தது. கபீருடையது என்று சொல்லிக்கொள்ள அந்தக் கடையில் ஒரு ஸ்டூலும் ஒரு டிவியும் இருந்தன.

அதனால் மனிதருக்கு ஒரே ஆசை. பெட்டியைக் கட்டு என்று யாரும் சொல்லாத ஒரு நாட்டில் மகளைக் குடிவைக்க வேண்டும்.

அப்படி வந்த வரன்தான் இர்ஷாத். பிரெஞ்சுக்காரன் காரைக்காலை விட்டுப் போனபோது, அவன் கொடுத்த குடியுரிமையை விடமாட்டோம் என்று பிடித்துக்கொண்ட வீடுகள் சில உண்டு. இர்ஷாத் வீடு அதில் ஒன்று. பையனுக்குப் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் இருந்தது, பிரெஞ்சு தெரியாது. பாரிஸுக்குப் போனால் பேச வேண்டிவரும் என்று லண்டனுக்குப் போய்விட்டான். ஐரோப்பாவில் இருபத்தெட்டு நாடுகள் கூடி ஒரே சந்தையாக இருந்த காலம் அது. சரக்குக்குச் சுங்கம் இல்லை, ஆளுக்கு விசா இல்லை. பிரெஞ்சுப் பாஸ்போர்ட்காரன் லண்டனில் தாராளமாக இருக்கலாம், கட்டிய மனைவியையும் அழைத்துக்கொள்ளலாம். இர்ஷாத் அங்கே, கடல் தாண்டி வரும் தக்காளி டின்களை இறக்கிவைக்கும் ஒரு கிடங்கில் சூபர்வைசராக இருந்தான்.

நஸீஹாவுக்கும் அவனைப் பிடித்திருந்தது. பல் டாக்டர் கிளினிக்கில் ரிசப்ஷனில் இருக்கிற பெண். வாய் திறந்த ஆட்களையே நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்து, கொஞ்சமாகப் பேசுகிறவன் கிடைத்தானே என்று அவளுக்குச் சந்தோஷம். நிச்சயம் ஆனது.

அந்த நேரம் பார்த்து இங்கிலாந்துக்குக் கோபம் வந்துவிட்டது. இருபத்தேழு பேரோடு இனி ஒத்துவராது, தனிக்குடித்தனம் போகிறோம் என்று முன்பே ஓட்டுப் போட்டு வைத்திருந்தார்கள். இப்போது நாளும் குறித்துவிட்டார்கள்: மார்ச் கடைசி.

இர்ஷாதின் உம்மா, சித்தி மரியம் என்று பேர், காரைக்காலிலிருந்து வீடியோவில் வந்தாள்.

"சம்பந்தி, அவஹ வெளியே போறதுக்கு முந்தியே நிக்காஹ் முடியணுமாம். முடிஞ்சா பொண்ணு பழைய சட்டத்துல போயிடலாம். பிந்திட்டா ஆயிரம் கேள்வி கேப்பாஹளாம்."

"அவ்வளவுதானே லாத்தா," என்றார் கபீர். மார்ச் நடுவில் தேதி வைத்தார்கள். ருக்கையாவின் தம்பி முகம்மது ஆசிக் காரைக்காலில் பிரியாணிக்கு மூன்று கிடா வாங்கிக் கொல்லையில் கட்டினான்.

இங்கேதான் கபீர் ஒரு காரியம் செய்தார். விஷயம் தெரிந்துகொள்ளலாமே என்று கடை டிவியில் இங்கிலாந்து பார்லிமெண்டைப் போட்டார். போட்டவர் எடுக்கவில்லை. கருவாட்டை நிறுத்துக்கொண்டே பார்த்தார், மாவை ஊற்றிக்கொண்டே பார்த்தார். அங்கே போவோம் என்று ஒருவர் சொன்னால் எல்லோரும் கத்தினார்கள். போகவேண்டாம் என்று ஒருவர் சொன்னாலும் அதே ஆட்கள் அதேபோல் கத்தினார்கள். ஒப்பந்தம் செய்துகொண்டு போகலாமா என்று கேட்டால் வேண்டாம் என்றார்கள். செய்யாமல் போகலாமா என்றால் அதுவும் வேண்டாம் என்றார்கள்.

கபீர் மாடிக்கு ஏறினார்.

"ருக்கையா, ஒப்பந்தம் இல்லாம வெளியே போனா, அங்க இருக்கிற பிரெஞ்சுக்காரனையெல்லாம் பெட்டியைக் கட்டச் சொன்னாலும் சொல்லுவாஹ போலிருக்கே. நம்ம மாப்பிள்ளையும் கணக்குக்குப் பிரெஞ்சுக்காரன்தானே?"

"அதுக்கு?"

"அவஹ போறாஹளா இருக்காஹளான்னு தெரியாம எப்படிப் பொண்ணைக் கொடுக்கிறது?"

"போறதுக்கு முந்தியே கொடுக்கணும்னு சம்பந்தி சொல்றாஹ. போனபொறவுதான் கொடுப்பேன்னு நீங்க சொல்றீங்க. ரெண்டுக்கும் நடுவுல எந்த நாள் இருக்கு, காட்டுங்க," என்றாள் ருக்கையா.

கபீர் காலண்டரைப் பார்த்தார். நிஜமாகவே பார்த்தார், பாவம்.

மார்ச் வந்தது. இங்கிலாந்து போகவில்லை, ஏப்ரலுக்குத் தள்ளிவைத்தது. கபீரும் நிக்காஹை ஏப்ரலுக்குத் தள்ளிவைத்தார். ஏப்ரல் வந்தது. அக்டோபர் என்றார்கள். கபீரும் அக்டோபர் என்றார். பத்திரிகை அடித்த அச்சாபீஸ்காரன், இனிமேல் தேதி இடத்தில் கோடு போட்டுக் கொடுத்துவிடுகிறேன், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டான்.

ஆசிக் போன் செய்தான். "மச்சான், ஆடு மூணும் பெருத்துப்போச்சு. கயித்தை மாத்திட்டேன். ஒண்ணு கொல்லையில நிக்கமாட்டேங்குது, சோபாவுலதான் படுக்குது."

"கொஞ்சம் பொறு ஆசிக். அக்டோபர்ல முடிவு சொல்லிடுவாஹ."

"யாரு, ஆடா?"

அபூ காலித்துக்கு இந்தக் கதையில் தனி ருசி. லண்டனில் அவருக்கு ஒரு ஃப்ளாட் இருந்தது. இங்கிலாந்து தடுமாறத் தடுமாற பவுண்டு இறங்கியது. பவுண்டு இறங்க இறங்க அவர் வீட்டுப் பெண்கள் அங்கே கூடுதலாகப் பை நிறைத்து வந்தார்கள். தினமும் சாயங்காலம் வண்டியைக் கடை வாசலில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, இங்கிலாந்துக்காரன் கதை முடிந்ததா என்று ஒரே கேள்வி கேட்பார்.

"கபீர், இங்லீஸ் கலாஸ்?"

"மாஃபி கலாஸ், பாபா," முடியவில்லை என்பார் கபீர்.

"தய்யிப்," நல்லதுதான் என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போவார்.

கோடையில் அவரே லண்டனுக்குப் போனார். விசாரித்துவிட்டு வா பாபா என்று கபீர் கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வந்தவர் முதல் வேலையாகக் கடைக்கு வந்தார். டாக்சிக்காரனைக் கேட்டாராம், டாக்டரைக் கேட்டாராம், வக்கீலைக் கேட்டாராம். "கபீர், உதர் கிசிகோ மாலூம் நஹி," என்று கையை விரித்தார். அந்த நாட்டிலேயே ஒருவருக்கும் தெரியவில்லை.

கபீருக்குத் தெரிந்திருந்தது. அப்பாசியாவில் அந்தச் சங்கதி பற்றி முழு விவரம் தெரிந்த ஆள் அவர்தான் என்று பேராகிவிட்டது. பக்கத்துச் சலூன்காரர், எகிப்திலிருந்து வந்த மிஸ்ரிக்காரர், போகிற கட்சி. மலையாளி டிரைவர்கள் இருக்கிற கட்சி. ரொட்டி வாங்க வந்தவர்கள் ஐரிஷ் எல்லையில் செக்போஸ்ட் போடலாமா கூடாதா என்று கடைக்குள் தள்ளிக்கொண்டார்கள். முட்டை உடைந்தது. மிஸ்ரிக்காரர், இருக்கிற கட்சிக்காரன் யாருக்கும் இனி முடிவெட்டமாட்டேன் என்று அறிவித்தார். ஒரு மாதம் அந்தத் தெருவில் பாதிப்பேர் பரட்டையாகத் திரிந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட இங்கிலாந்தைப் பார்த்தது கிடையாது.

அக்டோபரும் வந்தது. இங்கிலாந்து ஜனவரி என்றது. கபீர் வாயைத் திறப்பதற்குள் நஸீஹா டிவிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"வாப்பா, ஒன் மினிட். நீங்க எனக்குப் பார்த்தது இர்ஷாதையா, இங்கிலாந்தையா?"

"என்னம்மா கேள்வி இது?"

"இர்ஷாதைன்னா, அவர் எப்பவோ ஓகே சொல்லிட்டார். இங்கிலாந்தைன்னா, அது இன்னும் பொண்ணு பார்க்கவே வரலை."

கபீர் மகளைப் பார்க்காமல், தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நான் இத்தனை வருஷமா கட்டிலுக்கு அடியில பெட்டியை வச்சுக்கிட்டே படுத்திருக்கேன்மா. நீயும் அப்படிப் படுக்கக் கூடாதுன்னு பார்த்தேன். அந்த ஊர்லயும் படுக்கணும்போல இருக்கே."

நஸீஹா மாடிக்குப் போய்விட்டாள். அன்றைக்கு ருக்கையா கபீருக்குச் சோறு போட்டாள், ஆனால் பேசவில்லை. பேசாமல் போடுகிற சோற்றில் உப்பு தெரியாது.

இதற்கிடையே காரைக்காலில் சித்தி மரியத்துக்குப் பொறுமை தீர்ந்துகொண்டிருந்தது. நிரவியில் ஒரு பெண் இருக்கிறாளாம், அவள் வாப்பாவுக்கு டிவி பார்க்கிற வழக்கமே இல்லையாம் என்று ஆசிக் காதில் விழும்படி சொன்னாள். ஆசிக் அதை ஆட்டோடு சேர்த்துச் சொன்னான். "மச்சான், நிரவிக்காரஹ நம்ம கிடாவையும் விலை கேட்டுட்டுப் போயிருக்காஹ."

ஜனவரி பிறந்தது. இந்த முறை போவது உறுதி என்று டிவி சொன்னது. கபீர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் இர்ஷாத் போன் செய்தான். சபை தெரிந்த பையன், நேராக விஷயத்துக்கு வந்தான்.

"மாமா, எங்க கிடங்கை மூடுறாங்க. இங்கிலாந்து வெளியே போயிட்டா சுங்கம், செக்கிங்னு லாரி நிக்குமாம். அதனால கிடங்கை ஹாலந்துக்குத் தூக்கிட்டுப் போறாங்க. போன மார்ச்சுக்குப் பயந்து வாங்கிக் குவிச்ச தக்காளி டின் மலைமாதிரி கிடக்கு, வேணுங்கிறவங்க எடுத்துக்குங்கன்னு சொல்லிட்டாங்க. எனக்கு ஹாலந்துலயே வேலை இருக்கு. வரச்சொல்றாங்க."

கபீர் போனைக் கையால் பொத்திக்கொண்டு மனைவியைப் பார்த்தார். "ஹாலந்து நல்ல ஊருதான். ஆனா அவஹ வெளியே போற நாடா, உள்ள இருக்கிற நாடான்னு கொஞ்சம் பார்த்துட்டு..."

ருக்கையா போனை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். பத்து மாதமாகச் சேர்த்துவைத்திருந்தது அவளிடம்.

"ஏங்க, ஒண்ணு கேக்குறேன், பதில் சொல்லுங்க. கல்யாணம் ஆன அன்னிக்கு நான் உங்க வீட்டுக்கு வந்தேனா, நீங்க என் உம்மா வீட்டுக்குப் பெட்டியோட வந்தீங்களா?"

"நான்தான் வந்தேன்."

"உங்க வாப்பா?"

"அவஹளும் பொண்ணு வீட்டுலதான் இருந்தாஹ."

"நம்ம குடும்பத்துல மாப்பிள்ளைதானே பொண்ணு வீட்டுக்கு வருவாரு? எந்தக் காலத்துல பொண்ணு பெட்டியைத் தூக்கிட்டுப் போனா? இவ எங்க போறது, எந்த விசாவுல போறதுன்னு ஒரு வருஷமா டிவி பார்க்கிறீங்களே, போகவேண்டியவ இவளே இல்லையேன்னு ஏன் உங்களுக்குத் தோணலை?"

கபீர் வாயைத் திறந்தபடி நின்றார். கிளினிக்காக இருந்தால் நஸீஹா டோக்கன் கொடுத்திருப்பாள்.

உண்மைதான். அந்தக் கரையில் சில குடும்பங்களுக்கு அதுதான் வழக்கம். எல்லோருக்கும் தெரிந்ததுதான். லண்டன் என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு தெருவே அதை மறந்துபோயிருந்தது. ருக்கையா போனில் பேசினாள்.

"தம்பி, நஸீஹா வீடு குவைத்துல இருக்கு. பொண்ணு வீட்டுக்கு மாப்பிள்ளை வர்றதா இருந்தா வரட்டும். ஹாலந்துதான் வேணும்னா அதையும் இப்பவே சொல்லிடுங்க. நான் ஆட்டை வித்துடுறேன்."

"மாமி, தக்காளி டின் எத்தனை கொண்டு வரட்டும்?" என்றான் இர்ஷாத்.

ஜனவரி கடைசியில் காரைக்காலில் நிக்காஹ் நடந்தது. அதே நாளில்தான் இங்கிலாந்தும் ஒருவழியாக வெளியேறியது. அது தற்செயல், கபீர் மட்டும் இன்றுவரை அப்படிச் சொல்லமாட்டார். பிரியாணிக்கு வேறு கறி வாங்கினார்கள். மூன்று கிடாவையும் அறுக்கவிடமாட்டேன் என்று ஆசிக் கொல்லைக் கதவில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். ஒரு வருஷம் கூடப் படுத்த ஆட்டை எப்படி மச்சான் என்று கேட்டவனுக்கு யார் பதில் சொல்வது? வாழைமரத்து இலையையும் மாப்பிள்ளை மாலையில் பாதியையும் தின்றுவிட்டு அவையும் சபையில் நின்றன.

பந்தியில் கபீர் பக்கத்தில் இருந்தவரிடம் விளக்கினார். "இங்கிலாந்து தலாக் சொல்லியாச்சு. ஆனா டிசம்பர் வரைக்கும் பழைய சட்டம்தானாம். இப்ப இத்தாவுல காத்துக்கிட்டிருக்காஹ." ருக்கையா அவர் இலையில் கத்தரிக்காய்ப் பச்சடியைப் பலமாக வைத்தாள்.

பிப்ரவரியில் இர்ஷாத் பெட்டியோடு அப்பாசியாவுக்கு வந்தான். பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டைப் பார்த்து ஏர்போர்ட் அதிகாரி எழுந்து நிற்காத குறை. கடைக்கு ஆள் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு அபூ காலித் வண்டியைவிட்டே இறங்கினார். அது அபூர்வம்.

"ஃபிரான்ஸி? என் பக்காலா கடையில் ஃபிரான்ஸியா?"

மறுநாள் திவானியா அரட்டையில் கூட உட்காருகிற கூட்டாளிகளையெல்லாம் அழைத்து வந்துவிட்டார். நாலு பெரியவர்கள் கருவாட்டு மூட்டைக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றார்கள். பிரெஞ்சில் ஏதாவது பேசச்சொன்னார்கள். இர்ஷாத் மாமனாரைப் பார்த்தான். மாமனார் கூரையைப் பார்த்தார்.

"மாமா, தக்காளி டின் வந்திருக்கு, முருங்கைக்காயை ஓரமா தள்ளட்டுமா?" என்றான் இர்ஷாத் சாவதானமாக.

பெரியவர்கள் தலையசைத்தார்கள். என்ன இனிமையான பாஷை என்றார் ஒருவர். அபூ காலித் அந்த வாரமே தன் பெயரில் மாப்பிள்ளைக்கு விசா போடச் சொல்லிவிட்டார். தன் கடையில் ஐரோப்பியன் நிற்கக் கூடாது, உட்காரவேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொன்னார்.

ஆகவே ஸ்டூல் மாப்பிள்ளைக்குப் போயிற்று. ரிமோட்டை நஸீஹா எடுத்துக்கொண்டாள். கிளினிக் விட்டு வந்து கடையிலேயே உட்கார்ந்து சமையல் போட்டி பார்த்தாள். கபீர் நின்றபடியே கருவாடு நிறுத்தார். மாடியில் அவருடைய கட்டிலுக்கு அடியில் அந்தப் பழைய பெட்டி இருந்தது. அதைக் கொஞ்சம் தள்ளி, பக்கத்தில் மாப்பிள்ளையின் லண்டன் பெட்டியை அவரே செருகி வைத்திருந்தார்.

சாயங்காலம் வண்டி வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது.

"கபீர், இங்லீஸ் கலாஸ்?"

கபீர் டிவியைப் பார்த்தார். யாரோ பரோட்டா வீசிக்கொண்டிருந்தார்கள். மகளைப் பார்த்தார், அவள் ரிமோட்டை மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

"மாலூம் நஹி, பாபா," என்றார்.